பாந்தோலும் மத்திக் குழம்பும் – கடிதம்

அன்புள்ள சார்,

வேலை நிமித்தம் பிரான்ஸின் மார்சேயில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் பக்கத்து ஊரான பாந்தோலில் தயாராகும் சிவப்பு ஒயின், 2021 ஆம் ஆண்டினுடையது, இரண்டு புட்டி கொடுத்தார். அன்றிரவே ஒன்றைத் திறந்து மத்திக் குழம்போடு குடித்தோம். நாக்கு வறண்டு, வாயெல்லாம் இரும்பு நெடி. இவ்வளவு புகழ்கிறார்களே, எங்களுக்குத்தான் ரசனை போதவில்லையா? மிச்சமிருக்கும் புட்டியை எதனோடு குடிப்பது?

ம.

அன்புள்ள ம.,

ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியைத் தின்றுவிட்டு அதைக் குடித்திருந்தால் உங்கள் நண்பருக்கும் அதே இரும்பு நெடிதான் அடித்திருக்கும். 2009 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒயினில் இரும்புச்சத்து கூடக் கூட, கடலுணவுக்குப் பின் வாயில் தங்கும் கவிச்சியும் கூடுகிறதாம். மத்தியோ எண்ணெய் வழியும் மீன். போதாததற்கு மிளகாய். பாந்தோலில் ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும்; காரம் பட்ட நாக்கில் எரியத்தான் செய்யும்.

வறட்சிக்குக் காரணம் மூர்வேத்ர் என்ற திராட்சை. பாந்தோல் சிவப்பில் பாதியாவது அதுவாக இருக்க வேண்டும் என்பது விதி. மீதிக்கு கிரனாஷ், சன்சோ போன்றவை. மூர்வேத்ருக்குத் தோல் தடிமன், டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். கொட்டைப்பாக்கை மென்றால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதே வேலையைத்தான் இந்த டானினும் செய்கிறது: எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் 18 மாதமாவது மரப்பீப்பாயில் வைத்த பிறகே விற்க விடுகிறார்கள். அதுவும் போதாது. நல்ல பாந்தோல் எட்டு, பத்து வருடம் புட்டியில் கிடந்தால்தான் வழிக்கு வரும். உங்களுடையது இன்னும் சின்னப் பையன்.

மிகவும் தாமதமாகப் பழுக்கும் இந்தத் திராட்சையை விவசாயிகள் ஒரு கட்டத்தில் கைவிட்டே விட்டார்கள். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபில்லாக்சரா பூச்சி தோட்டங்களை அழித்தது. மறுபடி நட்டவர்கள் அதிகம் காய்க்கும் ரகங்களுக்குப் போனார்கள். மூர்வேத்ரை மீட்டதில் பெரும்பங்கு தொமேன் தாம்பியே தோட்டத்தின் லூசியன் பெய்ரோவுக்கு. தோட்டம் மனைவி லூலூ வழியில் வந்தது. 1941 இல் பாந்தோலுக்கு அதிகாரபூர்வப் பெயர்க்காப்பு (அந்த வட்டார ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற உரிமை) கிடைத்ததிலும் லூசியனுக்குப் பங்குண்டு. 2020 இல் தன் 102 ஆம் வயதில் மறைந்த லூலூ, சமையலுக்கும் விருந்துக்கும் பேர்போனவர். அவர் வீட்டில் புய்யாபேஸ் மீன் சூப்புக்குக்கூட அதிக வயதாகாத சிவப்பு ஒயினைக் குளிரவைத்து ஊற்றுவார்கள். ஆக மீனோடு சிவப்பு கூடவே கூடாது என்றில்லை. ஆனால் அந்த மீன்கள் கொழுப்புக் குறைந்த பாறை மீன்கள், சூப்பில் இருப்பது குங்குமப்பூவும் பூண்டும்.

சரி, உங்கள் புட்டிக்கு வருவோம். நானாக இருந்தால் தோப் என்ற அந்தப் பக்கத்து மாட்டுக்கறிக் குழம்பு செய்வேன். மாட்டின் தோள்கறியை பெரிய துண்டுகளாக வெட்டி, சிவப்பு ஒயின், ஆரஞ்சுத் தோல், கிராம்பு, தைம், பிரிஞ்சி இலையோடு ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் மூன்று நான்கு மணி நேரம் விடுவது. கடைசியில் கருப்பு ஆலிவ். கரைந்த கொழுப்பும் பசையும் உப்பும்தான் டானினை அடக்குகின்றன. பானையில் ஊற்ற மலிவான ஒயின் போதும். பாந்தோலை அடுப்பில் ஏற்றுவது வீண் ஜம்பம். மாடு வேண்டாமென்றால் பூண்டு செருகிச் சுட்ட ஆட்டுத்தொடை. இலையுதிர் காலத்தில் அங்கே கிடைக்கும் காட்டுப்பன்றிக் கறி கிட்டத்தட்ட இதற்கென்றே பிறந்தது. சைவ நண்பர்கள் வந்தால் ஆலிவ் எண்ணெயில் சுட்ட கத்தரிக்காயும் காளானும் வையுங்கள். காளானின் மண்வாசனை இந்த ஒயினுக்கு அழகாக ஒத்துப்போகும். பாலாடைக்கட்டியில் கெட்டியான செம்மறி வகை மட்டும்.

முடிந்தால் அந்தப் புட்டியை வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து மறந்துவிடுங்கள். பொறுமை இல்லையென்றால் காலையிலேயே ஒரு கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வையுங்கள். பரிமாறும் முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில். 16, 17 டிகிரி சரியாக இருக்கும். கோடைகாலத்து அறைச் சூட்டில் குடித்தால் ஆல்கஹால் மட்டும்தான் தெரியும்.

மத்திக் குழம்பு வைக்கிற நாளில் பாந்தோல் ரோசே, அதாவது ரோஜா நிற ஒயின், வாங்கி நன்றாகக் குளிரவையுங்கள். அந்த ஊரில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி ரோசேதான். மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.