வலது சீட்டுக்காரர் எப்போது கை வைக்க வேண்டும்?

கேள்வி: ஐயா, என் மகள் பைலட் பயிற்சி முடித்து, கோ-பைலட்டாகச் சேரப் போகிறாள். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு பேசாத பிள்ளையாக அவளை வளர்த்துவிட்டேன். ஆபத்தான நேரத்தில் கேப்டன் தவறு செய்தால் அவள் குறுக்கிடலாமா?
- ஒரு வாசகி, அவனியாபுரம்

பதில்: கட்டாயம் குறுக்கிட வேண்டும் அம்மா. அதற்காகத்தான் வலது சீட்டில் கோ-பைலட் என்று இன்னொரு பைலட்டை உட்கார வைக்கிறார்கள்.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் வந்து, வேகமாக இறங்கியது. "கோ அரவுண்ட்", அதாவது இறங்க வேண்டாம், மேலே ஏற்றுங்கள் என்று கோ-பைலட் மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொட்டும் மழையில், ஓடுபாதையின் பாதியைத் தொட்ட பிறகுதான் சக்கரம் தரையில் பட்டது. அங்கேயும் கோ-பைலட் சொல்லியிருக்கிறார். 21 உயிர்கள் போயின. கேப்டன் கேட்காததோடு, கோ-பைலட் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்காததையும் விசாரணை அறிக்கை காரணமாக எழுதியது. அந்த வரியைப் படித்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனத்துவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தானே அந்தப் பிள்ளை போனார்!

உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான். "சார், கொஞ்சம் வேகமா இருக்கோ?" என்று இழுத்தால் யார் காதிலும் ஏறாது. "ஸ்பீடு 15 நாட் அதிகம்" என்று எண்ணோடு சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லியும் கேப்டனிடமிருந்து பதிலே இல்லையென்றால், அவர் நினைவிழந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது நடைமுறை. அதற்கு மேல் காத்திருக்காமல் விமானத்தை அவள் தன் கைக்கு வாங்கிவிட வேண்டும். மேகமூட்டத்தில் 1,000 அடி, வானம் தெளிவாக இருந்தால் 500 அடி. விமானம் அந்த உயரத்துக்கு இறங்குவதற்குள் வேகமும் பாதையும் சீராகாவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கோ அரவுண்ட்தான். சொல்லியும் கேப்டன் இறக்கிக்கொண்டே போனால், "ஐ ஹேவ் கன்ட்ரோல்", அதாவது இனி விமானம் என் கையில் என்று உரக்கச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். சொல்லாமல் கை வைத்தால் ஒருவர் இழுப்பார், மற்றவர் தள்ளுவார். ஏர்பஸ் விமானத்தில் இருவரும் ஓட்டப் பிடிக்கும் குச்சிகள் தனித்தனி. இருவர் அசைப்பதையும் விமானம் கூட்டி எடுத்துக்கொள்ளும். அதனால் குச்சியில் உள்ள சிவப்பு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே வாங்க வேண்டும்.

அதற்காக எல்லா நேரத்திலும் பாய்ந்துவிடக் கூடாது. 2015 பிப்ரவரி 4, தைப்பேயில் ஏடிஆர் விமானம் ஒன்று மேலே ஏறும்போது வலது எஞ்சின் சக்தி போனது. ஓட்டியவர் அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினைக் குறைத்தார். "பொறுங்கள், சரிபார்ப்போம்" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னது எடுபடவில்லை. 43 பேர் பலி. ஒருவர் எஞ்சின் லீவரில் கை வைத்து எந்த எஞ்சின் என்று சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்து ஆமென்ற பிறகே அதை நகர்த்த வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில், கண்ணால் பார்க்காமல் "ஆம்" சொல்ல மறுப்பதே அவள் செய்யும் குறுக்கீடு.

கேப்டனாக இருந்த காலத்தில் எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் முன்பே புதுப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: "நான் பேசாமல் இருந்தால் விமானத்தை வாங்கிக்கோம்மா, கோபிக்க மாட்டேன்." எல்லா கேப்டனும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்லாதவரிடம் அவளே மரியாதையாகக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். சிமுலேட்டர் பயிற்சியில், எதற்கும் வாய் திறக்காத கேப்டனாக நடிக்கச் சொல்லியும் பயிற்றுநரிடம் கேட்கட்டும். மறுபேச்சு பேசிப் பழகாத பிள்ளைக்கு அந்தப் பயிற்சி ஒரு தடவை போதாது. நாலைந்து தடவை வேண்டும்.