குரூப்பில் அரசியல்: அட்மின்கள் கேட்டவை

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ‘அரசியல் கூடாது’ என்று விதி. துறைமுகம் பற்றி ஒரு தம்பி போட்டதை நீக்கினேன். ஊரே என்மேல் கோபமாக இருக்கிறது. – தேங்காப்பட்டணம்

கோபம் நியாயம்தான். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகு கவிழ்கிறது, அலைத்தடுப்புச் சுவரைச் சரிசெய்யுங்கள் என்று கேட்பதும் அரசியல்தானே? அதை ஊர் குரூப்பில் பேசாமல் வேறெங்கே பேசுவார்கள்? கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரி, குண்டும் குழியுமான ரோடு எல்லாம் அப்படித்தான்.

விதியை மாற்றி எழுதுங்கள். ‘நம் ஊர்ப் பிரச்சினையை யாரும் பேசலாம், எம்.எல்.ஏ.வையும் கேள்வி கேட்கலாம். கட்சி போஸ்டர், தலைவர் பிறந்தநாள் வாழ்த்து, சாதி மதப் பேச்சு, உறுப்பினரைத் திட்டுவது கூடாது.’ இவ்வளவு போதும். ‘எம்.எல்.ஏ. வந்து பார்த்தாரா?’ என்பது இருக்கட்டும். ‘அந்தக் கட்சிக்காரன் எல்லாம் திருடன்’ என்பது போகட்டும். முதலில் உங்கள் கட்சிக்காரர் போட்டதை நீக்கிக் காட்டுங்கள், அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

யாரோ போட்ட பதிவுக்கு அட்மின் மேல் வழக்கு வருமா? – மார்த்தாண்டம்

அட்மின் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. கரூர் வக்கீல்கள் குரூப் வழக்கில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனு போட்டவர் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையில் பெயர் சேர்க்க வேண்டாம் என்றது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது. நீங்களே அதற்கு ‘சூப்பர்’ போட்டால் கதை வேறு.

குடும்ப குரூப்பில் மாமா தினமும் காலையில் ஃபார்வர்டு அனுப்புகிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எப்படிச் சொல்வது? – தக்கலை

குரூப்பில் சொல்லாதீர்கள். எத்தனை பேர் முன்னால் என்பதுதான் அவருக்குப் பெரிதாகத் தெரியும். போன் போட்டு, ‘மாமா, இது உங்களுக்கு யாரு அனுப்பினது?’ என்று மட்டும் கேளுங்கள். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கைமாறி வந்த சரக்கு. 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆசிரியராக இருந்தவர், ஆதாரம் கேட்டால் ரோஷம் வந்து தேடுவார்!

மதத்தைத் தொட்டு வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், மாமாவானாலும் சரி. முதலில் நீக்குங்கள், பிறகு பேசுங்கள். 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கும் குமரி மாவட்டம் இது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் குரூப்பைப் பூட்டலாமா? – குளச்சல்

தாராளமாக. பிரசாரம் ஓயும் கடைசி 48 மணி நேரம் ‘அட்மின்கள் மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். வாக்குச்சாவடி விவரம் மட்டும் போடுங்கள்.

அட்மின் மூன்று பேரும் ஒரே கட்சி. வளைகுடாவிலிருந்து நான் போடுவது மட்டும் காணாமல் போகிறது. – சொந்த ஊர் குழித்துறை

அட்மின் நீக்கினால் யார் நீக்கியது என்று பெயரோடு காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவரிடமே தனியாக, ‘அண்ணே, எந்த விதிப்படி?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் பக்கத்து ஆள் ஒருவரை நான்காவது அட்மினாகப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அது ஊர் குரூப் இல்லை, கட்சி ஆபீஸ். வேறு குரூப் தொடங்குங்கள்.