கடற்கரை ஊரில் ஓடும் காருக்கு அண்டர்பாடி கோட்டிங் (அடிப்பகுதித் தகட்டில் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் துருப்பிடிப்பது நிற்குமா?

தகடு சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் பெருமளவு தடுக்கும். துருவின் மேலேயே கருப்பு ரப்பர் கோட்டிங்கை அடித்து மூடுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. காய்ந்ததும் அது இறுகிவிடும். கல் பட்டு விரிசல் விழுந்தால் உப்புநீர் உள்ளே புகுந்து தங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொத்தல்.

முதலில் பிரஷர் வாஷில் நல்ல தண்ணீரால் உப்பையும் சேற்றையும் நீக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மீதித் துருவை உறுதியான படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவத்தைப் பூசுங்கள். அது காய்ந்ததும், தகட்டில் இறுகப் பிடிக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர். கோட்டிங் மெல்லியதாக இரண்டு முறை போதும். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் உள்ளே காயாமல் உரியும். சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரைவ் ஷாஃப்ட், சென்சார் எல்லாவற்றையும் முன்பே மூடிவிடுங்கள்.

கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியின் வடிகால் துளைகள் அடைபடவே கூடாது. அங்கே துரு உள்ளிருந்து தொடங்கும், வெளிப்பூச்சால் பயனில்லை. நீளக் குழாய் முனை வைத்து உள்ளே மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும்.

பழைய வண்டிக்கு லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் பிசுக்கு) அல்லது மெழுகு வகைக் கோட்டிங்கே என் தேர்வு. இறுகாது, இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். ஆனால் கழுவக் கழுவக் குறையும். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் திரும்ப அடிக்க வேண்டும்.