நலமாக இருப்பவரை ஏன் அளக்க வேண்டும்?

கேள்வி: சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த பெண்மணி, என் தாயாரைத் திண்ணையில் உட்காரவைத்து மூன்று முறை ரத்த அழுத்தம் பார்த்தார், இடுப்பை டேப்பால் அளந்தார், வெற்றிலையோடு புகையிலை போடுவதுண்டா என்றும் கேட்டார். நோயே இல்லாதவரிடம் இதெல்லாம் எதற்கு? மாரடைப்பு வந்தவர்களைக் கணக்கெடுத்தால் போதாதா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: போதாது. மாரடைப்பால் இறப்பவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்துசேர்வதே இல்லை என்பதால், அங்குள்ள பதிவேடு பாதிக் கதையைத்தான் சொல்லும். நம் பக்கத்தில் திடீரென இறந்தவர் எவரானாலும் ‘நெஞ்சடைப்பு’ என்று சொல்லிவிடுவதும் வழக்கம்.

உலக சுகாதார நிறுவனம் 1980-களில் தொடங்கிய ‘மோனிகா’ திட்டம் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. 21 நாடுகளில், 35 முதல் 64 வயது வரையிலானவர்களிடையே ஏற்பட்ட மாரடைப்புகளைச் சுமார் பத்தாண்டுகள் பதிவுசெய்தார்கள். இறப்புச் சான்றிதழில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்காமல், அறிகுறி, இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை எல்லா ஊரிலும் ஒரே விதிப்படி சரிபார்த்தார்கள். கூடவே, நலமாக இருந்தவர்களின் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் அளந்தார்கள். பின்லாந்தின் வடக்குக் கரேலியா ஆண்களிடையே மாரடைப்பு, பெய்ஜிங் ஆண்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு இருந்தது. இதய நோய் இறப்பு குறைந்த ஊர்களில், அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு மாரடைப்பே குறைவாக வந்ததால் கிடைத்தது. பிழைப்போர் கூடியதால் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குதான். எனக்கு இதுவே மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது.

அந்த 21 நாடுகளில் இந்தியா இல்லை என்பது வருத்தமே. ஆனால் அதே நிறுவனம் பின்னர் வகுத்த ‘ஸ்டெப்ஸ்’ முறையிலும் கேள்வி, உடல் அளவு, ரத்தப் பரிசோதனை என்ற வரிசைதான். ஏணி ஏறி வந்தவருக்கும் புதியவரைக் கண்டு பதறுபவருக்கும் முதல் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், சற்று ஓய்வெடுக்கச் செய்து, மூன்று முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள்.

வீடு தேடி ரத்த அழுத்த மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. எந்த ஊரில் எத்தனை பேருக்கு அந்த மாத்திரை தேவை என்பது, நலமாக இருப்பவர்களையும் சேர்த்து அளந்தால்தான் தெரியவரும். ஆகவே அடுத்த முறை அவர் வரும்போது, தாயார் புகையிலைப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லட்டும். கையைத் தொங்கவிடாமல், நெஞ்சுக்கு நேராகத் தாங்கி வைத்துக்கொள்ளட்டும். வந்த அளவை ஒரு சீட்டில் எழுதித் தரச்சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.