பதினொரு மார்க்கெட்டா? நாலு போதும்!

கேள்வி: அம்மாப்பேட்டையில் வீட்டு முன்கூடத்திலேயே சின்னதாக ஃபேன்ஸி கடை வைத்திருக்கிறேன். நானும் என் நாத்தனாரும் பாங்காக் போக டிக்கெட் போட்டிருக்கிறோம். வியாழன் இரவு கிளம்பி திங்கள் இரவு திரும்புகிறோம். யூடியூபில் பார்த்துப் பதினொரு மார்க்கெட் எழுதி வைத்திருக்கிறேன். கடைக்குச் சரக்கும் எடுக்க ஆசை. அந்த ஊர் பாஷை தெரியாது, இங்கிலீஷும் அரைகுறைதான். ஏமாறாமல் வர வழி சொல்லுங்கள்.
– சேலம் வாசகி

பதில்: பதினொன்றில் ஏழை இப்போதே அடித்துவிடுங்கள், சகோதரி. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார், சின்னக்கடை வீதி எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றிவிட்டு வந்தால் உங்களுக்கு ராத்திரி உலை வைக்கத் தெம்பு இருக்குமா? பாங்காக் வெயில் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை, புழுக்கம் வேறு.

வெள்ளிக்கிழமையை அப்படியே சாம்பெங் சந்துக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தொழிலுக்கு அதுதான் இடம். சைனா டவுனுக்குள் இருக்கிறது. வாட் மங்கோன் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். அந்த ஸ்டேஷன் 2019-இல் திறந்தது. நான் முதல் தடவை போனபோது இல்லாததால் வழி கேட்டே தொண்டை வறண்டது. எதிரே ஒருவர் வந்தால் தோள் இடிக்கும் அளவுக்குத்தான் சந்தின் அகலம். அதற்குள்ளேயே தள்ளுவண்டியும் வரும், பைக்கும் வரும். இரண்டு பக்கமும் கிளிப், ரிப்பன், பாசிமணி, பொத்தான், பரிசுப் பை. ஒரு ஹேர்கிளிப் அட்டையைக் கையில் எடுத்தேன். கடைக்கார அம்மா வாயே திறக்கவில்லை. கால்குலேட்டரில் மூன்று விலையைத் தட்டிக் காட்டினார்: ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் ஒரு விலை, டஜனுக்கு வேறு விலை. பாஷை தெரியாதே என்ற உங்கள் கவலை அந்தக் கால்குலேட்டரோடு தீர்ந்தது.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. அங்கே சரக்கு எடுக்காதீர்கள். சாம்பெங்கில் கிடைப்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. அதே கிளிப் சென்னை சௌகார்பேட்டை வழியாக ஏற்கெனவே உங்கள் கண்ணாடி அலமாரிக்கு வந்திருக்கலாம். விமானக் கூலியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் டஜனுக்கு என்ன மிஞ்சும்? அதோடு, ஒரே பொருளை இருபது டஜன் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால், இங்கே கஸ்டம்ஸில் அதைச் சொந்த உபயோகம் என்று சொல்லித் தப்ப முடியாது. மாதிரிக்கு வகைக்கு ஒன்றிரண்டு வாங்குங்கள். எந்த நிறம் ஓடுகிறது, அட்டையில் எப்படிக் குத்தி வைக்கிறார்கள், இத்தனூண்டு கடையில் எத்தனை கொக்கி மாட்டுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது பெட்டியில் எடை ஏறாத சரக்கு.

சாம்பெங்கின் மேற்கு முனையிலிருந்து வாய்க்காலைத் தாண்டினால் பாஹுரத். துணிக்கடைகளும் தங்கக் கூம்பு வைத்த குருத்வாராவும் இருக்கிற இந்தியர் பேட்டை. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டால் வயிறு பிழைக்கும். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமென்றால், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடையாகப் பாருங்கள். மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு விழுந்திருக்கும்.

சனிக்கிழமை சட்டுசாக். வாரக் கடைசியில்தான் முழுச் சந்தையும் கூடும். 15,000 கடைகளுக்கு மேல், 27 பிரிவு. காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள். கம்பேங் பெட் மெட்ரோவிலிருந்து படியேறினால் சந்தை வாசல்தான். நடுவில் மணிக்கூண்டு ஒன்று இருக்கிறது. இரண்டு பேரும் பிரிந்துவிட்டால் அங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். பிடித்ததைப் பார்த்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். “அப்புறம் வரலாம்” என்று நான் விட்டு வந்த பீங்கான் யானை இன்றைக்கும் அந்தச் சந்துகளில் எங்கேயோ நிற்கிறது. செடிப் பகுதிப் பக்கம் மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் செடியை நம் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஆர்க்கிட் பார்க்கத்தான் ஆசையென்றால் ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது, மலையேறினால் போதும்.

ஞாயிறு பிரதுனாம், ரெடிமேட் துணிக்கு. ‘ஃப்ரீ சைஸ்’ என்பதை நம்பாதீர்கள், அது அவர்கள் உடம்புக்கான ஃப்ரீ. போட்டுப் பார்க்கப் பல கடைகளில் விடமாட்டார்கள். அளவு நாடா ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரம் பேசலாம். “லொட் டாய் மாய், கா?” என்றால் குறைக்க முடியுமா என்று அர்த்தம். பெண்கள் அந்தக் கடைசி ‘கா’வைச் சேர்த்தால்தான் மரியாதை. சிரித்துக்கொண்டே கேளுங்கள், பத்தோ இருபதோ குறையும். நம் ஊர் மாதிரி பாதி விலையில் ஆரம்பித்துக் குரலை உயர்த்தினால் கால்குலேட்டரை உள்ளே வைத்துவிடுவார்கள். ஒரு பாட் என்பது நம் காசில் இரண்டரை ரூபாய்க்கு மேல். மூன்றால் பெருக்கிப் பாருங்கள், கை தானாக அடங்கும்.

ஏமாற்று வேலை பெரும்பாலும் சந்தைக்குள் நடப்பதில்லை, வெளியே ரோட்டில்தான். “அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது, இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்” என்று ஒரு டுக்டுக்காரர் சொல்ல, நானும் ஏறினேன். கொண்டுபோய் இறக்கியது ஒரு ரத்தினக் கல் கடையில். முக்கால் மணி நேரம் நீலக்கல்லின் பெருமை கேட்டேன். வாங்காமல் வெளியே வந்தால் வண்டியைக் காணோம். அரண்மனை அன்றைக்குத் திறந்துதான் இருந்தது. வெள்ளிக்குப் பேர்போன சேலத்திலிருந்து போகிறீர்கள், நகை எதையும் தெருவில் எவரோ சொன்னார் என்று வாங்க வேண்டாம்.

திங்கள் விடியலில் பாக் க்லோங் பூச்சந்தை, இது என் சொந்த ஆசைக்காகச் சேர்த்தது. சனாம் சாய் மெட்ரோ பக்கம், இரவு பகல் அடைப்பதே இல்லை. நம் வ.உ.சி. மார்க்கெட்டில் நாரில் கட்டுவார்கள் அல்லவா, அங்கே மல்லி மொட்டை நீள ஊசியில் நெருக்கமாகக் கோக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘புவாங் மாலை’. ‘மாலை’ என்று காதில் விழுந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன்.

இன்னொன்று, நாத்தனாருக்குத் தனிப் பை, தனி நோட்டு. யார் பணத்தில் யார் வாங்கியது என்பதை அன்றன்றைக்கு ராத்திரியே எழுதி முடித்துவிடுங்கள்.