கெண்ட் பலிபீட ஓவியத்தில் ஆட்டுக்குட்டியின் முகத்தைச் சீரமைப்பு என்ற பெயரில் கெடுத்துவிட்டார்களா?

இல்லை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஒரு சர்ச்சில் இருக்கும் இந்தப் பழைய ஓவியத்தில், சீரமைப்புக்குப் பிறகு ஆட்டின் முகம் மாறிப்போனதைக் கிண்டலடித்து 2020 தொடக்கத்தில் சுற்றிய மீம்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும், ஸ்பெயினில் ஒரு பாட்டி இயேசு படத்தைச் சிதைத்த கதையோடு சேர்த்து இதையும் போட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வேலை நடந்ததைப் பார்த்தவன் நான்.

பிரஸ்ஸல்ஸில் ஆன்சைட்டில் இருந்தபோது சனிக்கிழமைகளில் ரயில் ஏறி கெண்ட் போய்விடுவேன். அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் சீரமைப்பு நடக்கும், யாரும் நின்று பார்க்கலாம். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பெண் சின்னக் கத்தியால் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நின்றவரை நகத்தளவு இடம்கூட முடியவில்லை. இவர்களையா கைக்கு வந்தபடி கிறுக்கியவர்கள் என்பது?

ஹூபர்ட், யான் வான் எய்க் சகோதரர்களின் இந்த ஓவியம் 1432இல் முடிந்தது. 16ஆம் நூற்றாண்டில் வேறு யாரோ அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பழைய உருவங்களை ஒட்டியே அடித்ததால், அது இவ்வளவு பரவலாக இருக்கும் என்று பல தலைமுறை ஆய்வாளர்களுக்கே சந்தேகம் வரவில்லை. 2012இல் தொடங்கிய சீரமைப்பில் வார்னிஷை எடுத்த பிறகுதான் மேல்பூச்சு எவ்வளவு என்பதே புரிந்தது. ஆடு இன்னும் வேடிக்கை: 1950களின் தொடக்கத்தில் கொஞ்சம் மேல்பூச்சை நீக்கியதில் அசல் காதுகள் வெளியே வந்து, அது நான்கு காதோடு நின்றது! அதை யாரும் மீம் போடவில்லை.

இப்போது நம்மை நேராக முறைக்கும், முன்நோக்கிய அந்தக் கண்கள்தான் அசல். அது புல் மேயும் ஆடல்ல, கிறிஸ்துவின் உருவகம். மார்பிலிருந்து ரத்தம் கிண்ணத்தில் பாய்கிறது. சாதுவான ஆட்டு முகம் பின்னால் வந்தவர் கைவண்ணம். ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் தேசிய கலைக்கூடமும் சேர்ந்து எக்ஸ்ரே, அகச்சிவப்புப் படங்களால் அடுக்கு அடுக்காக ஆராய்ந்து 2020இல் கட்டுரையே வெளியிட்டன.

நான் கலை வரலாறு படித்தவனல்ல, ஜாவா எழுதுகிறவன். “உனக்கெதுக்கு இது” என்று கமெண்ட் போட வருபவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வரட்டும். பழைய முகம்தான் அழகு என்றால் சரி, அது உங்கள் ரசனை. கெடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம், நம்மூர் பேக்கேஜ் டூர்காரர்கள். என் பெற்றோரைக் கூட்டிப்போனவர்கள் பெல்ஜியம் என்று ஒரு மூத்திரம் பெய்யும் பொம்மையையும் சாக்லேட் கடையையும் காட்டினார்கள். கெண்ட் எங்கே என்று அப்பா கேட்டதற்கு, “அங்கே சர்ச் மட்டும்தான் சார்” என்றாராம் கைடு. இந்த ஓவியம் இருப்பதே அங்கேயுள்ள ஒரு சர்ச்சில்தான். வாங்கிய காசுக்கு அந்த சர்ச்சுக்காவது கூட்டிப்போயிருக்கலாம்.