கட்டிடக் கேள்வி பதில்: கடற்கரையில் ஒரு சிலை

கேள்வி: சுனாமியில் போன எங்கள் ஆட்களுக்காகக் கரையோரம் நினைவுத்தூபி கட்டுகிறோம். மேலே 12 அடியில் தாயும் பிள்ளையுமாகக் கொங்கிறீட் சிலை. கொம்பியூட்டரில் வடிவமெடுத்து ஃபைபர் அச்சில் வார்த்தால் நூறு வருசம் அசையாது என்கிறார் கொந்தராத்துக்காரர். உப்புக்காற்றில் வெடிக்கும் என்கிறார் எங்கள் மேசன். யாரை நம்புவது? மதிப்பீட்டையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், நிலாவெளி

பதில்: மேசனை நம்புங்கள். அச்சு எவ்வளவு புதுசாக இருந்தாலும் முகம் சரியாக வரும், அவ்வளவுதான். ஆயுள் இருப்பது உள்ளே போகும் கம்பியிலும் அதை மூடியிருக்கும் கொங்கிறீட்டின் கனத்திலும். நல்ல கொங்கிறீட் கம்பியைத் துருப்பிடிக்க விடாது. ஆனால் உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தக் காவல் போய்விடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதுதான் உள்ளிருந்து உடைக்கிறது. முதலில் மண்ணிறக் கோடு, பிறகு வெடிப்பு, பிறகு துண்டாகக் கழன்று விழும்.

தூணில் கம்பிக்கு மேல் 2 அங்குலம் விடலாம். பிள்ளையின் விரலில் எங்கே விடுவது? அரை அங்குலம் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். வாடைக்காற்றுக்கு முதலில் சிவப்பது அந்த விரல் நுனிதான். விரல், காது, சேலைத் தலைப்பு இவற்றுக்கு மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் தேவைப்படுவது கொஞ்சம். இல்லாவிட்டால் கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி சிற்பியிடம் சொல்லுங்கள். தாய் பிள்ளையை இறுக்கி அணைத்தபடி இருந்தால் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

கடல் மணலும் கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். கிண்ணியாப் பக்கமிருந்து வரும் ஆற்று மணலும் குழாய்த் தண்ணீரும் எடுங்கள். கட்டுக்கம்பியின் வால்களை உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டினால் உப்பு நுழைய அதுவே வழி. மடியில் மழைத்தண்ணீர் தேங்காமல் ஒரு சரிவு வேண்டும். அப்புறம் அந்த மதிப்பீடு: வர்ண விளக்கு இருக்கிறது, கிரானைட் பதித்த படி இருக்கிறது, கம்பி அச்சில் ஒட்டாமல் இடைவெளி பிடிக்கும் சின்னக் கட்டை, அந்தக் கவர் புளொக்குக்கு ஒரு வரி இல்லை. விளக்கை வெட்டுங்கள்.

கேள்வி: குஜராத்தில் உள்ள பட்டேல் சிலை அவ்வளவு உயரத்தில் காற்றுக்கு எப்படி நிற்கிறது?
– மாணவி, கிண்ணியா

பதில்: 182 மீற்றர். 2018 ஒக்டோபர் 31இல் திறந்தார்கள். வெளியே தெரியும் வெண்கலம் வெறும் தோல்தான் மகள். உள்ளே இரண்டு கொங்கிறீட் கோபுரங்கள், அவற்றைச் சுற்றி உருக்குச் சட்டம், அந்தச் சட்டத்தில் வெண்கலத் தகடுகள். வேட்டி கட்டி நடக்கிற மனிதர், அதனால் கால்கள் பிரிந்து அடி ஒடுங்கி இருக்கிறது. பொறியியலாளருக்கு அதுதான் தலையிடி. ஆட்டத்தைக் குறைக்க 250 தொன் பாரங்கள் இரண்டை உள்ளே வைத்திருக்கிறார்கள். சிலை ஒரு பக்கம் சாயப் பார்த்தால் பாரம் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஊஞ்சலை நேரம் பார்த்து எதிரே பிடித்தால் நின்றுவிடுகிறதே, அப்படி.

கேள்வி: கன்னியாகுமரி வள்ளுவர் சுனாமியையே தாங்கினார். கொங்கிறீட்டை விட்டுவிட்டுக் கல்லிலேயே செய்தால் என்ன?
– வாசகர், உப்புவெளி

பதில்: காசு இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கணபதி ஸ்தபதி கருங்கல்லை அடுக்கி எழுப்பிய சிலை அது, பீடத்தோடு 133 அடி, 2000 ஜனவரி 1இல் திறந்தது. கொங்கிறீட் சிலைக்குள் இருப்பதுபோல் துருப்பிடிக்கும் கம்பிக்கூடு அதற்குள் இல்லை. நடுவழி ஒன்றும் உண்டு. ரியோ நகரத்து இயேசு சிலை, 1931இல் முடிந்தது, உள்ளே கொங்கிறீட்தான். மேலே சின்னச் சின்ன மாக்கல் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அதையும் அடிக்கடி பழுதுபார்க்கிறார்கள். நிலாவெளிக்காரரும் இதை வாசித்தால், பராமரிப்புக்கு வங்கியில் ஒரு தொகை போட்டு வைக்கும்படி சபையிடம் சொல்லட்டும்.